சேலத்துக் கொலுசுக்கு இந்தத் தராசு பொருந்துமா? பி.எல்.எஃப்.எஸ். கூலித் தரவு: ஒரு மதிப்புரை

பொருள்: பி.எல்.எஃப்.எஸ். என்ற தொழிலாளர் கணக்கெடுப்பின் தனிநபர் அளவிலான தரவு. வெளியிடுவது தேசியப் புள்ளியியல் அலுவலகம். விலை: இலவசம். மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் நுண்தரவுத் தளத்தில் பதிவு செய்து இறக்கிக்கொள்ளலாம்.

நாட்டில் யாருக்கு எவ்வளவு கூலி, ஏன் அவ்வளவு என்று கணக்குப் பார்ப்பவர்களுக்கு இதைவிட்டால் இவ்வளவு பெரிய கடை வேறில்லை. செய்திகளில் அடிபடும் சம்பள எண்கள் பலவும் இங்கிருந்து போனவைதான். அதைச் சேலத்தின் நான்கு இடங்களில் வைத்துப் பார்த்தால் எப்படி நிற்கிறது என்பதே இந்த மதிப்புரை. செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறை, ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலை, உருக்காலை, ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஆகிய நான்கும் நான்கு விதமாகக் கூலி கொடுக்கின்றன. உருக்காலைச் சம்பளத்தை இந்தத் தராசு நன்றாகவே நிறுக்கிறது. தோட்டத்தைப் பரவாயில்லாமல் நிறுக்கிறது. சேகோவில் முள் ஆடுகிறது. கொலுசு பாதிக்கு மேல் தட்டிலிருந்து வழிந்துவிடுகிறது. தராசில் பழுதில்லை. எதைக் கூலி என்று எடுத்துக்கொள்வது என்ற வரையறையில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். முன்பு ஐந்தாண்டுக்கு ஒரு முறை என்ற கணக்கில் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பு நடந்துவந்தது. அதன் கடைசிச் சுற்று 2011-12. பி.எல்.எஃப்.எஸ். 2017இல் தொடங்கியது. முதல் அறிக்கை ஜூலை 2017 முதல் ஜூன் 2018 வரைக்கானது, 2019 மே மாதம் வந்தது. அதன்பின் ஆண்டுதோறும் வருகிறது. 2023-24 சுற்றில் சுமார் 1.02 லட்சம் வீடுகள், 4.18 லட்சம் பேர். எக்செல் ஒரு தாளில் 10,48,576 வரிசைகளைத் தாங்கும் என்பதால் திறந்து பார்க்கலாம். ஆனால் எடையிட்ட கணக்கை, அதாவது மாதிரியில் உள்ள ஒவ்வொருவரும் எத்தனை பேருக்குப் பிரதிநிதி என்பதையும் சேர்த்துப் போடும் கணக்கை, ‘ஆர்’ அல்லது ‘ஸ்டேட்டா’ என்ற புள்ளியியல் மென்பொருளில் போடுவதுதான் உத்தமம். எக்செலில் போட்ட ஜினிகளில் (ஜினி என்பது ஏற்றத்தாழ்வை 0 முதல் 1 வரை அளக்கும் எண்) பாதி, எடைப் பத்தியை மறந்த ஜினிகள்.

வருமானத்தை இது மூன்று விதமாகக் கேட்கிறது. மாதச் சம்பளக்காரரிடம் முந்தைய காலண்டர் மாதத்துச் சம்பளம். தினக்கூலிக்காரரிடம் கடந்த ஏழு நாளில் ஒவ்வொரு நாளின் கூலியும் தனித்தனியாக. சுயதொழில் செய்பவரிடம் கடந்த 30 நாள் வருமானம். இந்த மூன்றாவது கேள்வி 2011-12இல் கிடையாது. பி.எல்.எஃப்.எஸ். கொண்டுவந்த பெரிய லாபம் அதுதான், பெரிய தலைவலியும் அதுதான்.

காலம் மூன்று விதம் என்பதால் ஒரே அலகுக்கு மாற்ற வேண்டும். தினக்கூலிக்கு ஏழு நாள் கூலியைக் கூட்டி 30/7ஆல் பெருக்குவது வழக்கம். ஒரே நாளில் இரண்டு வேலை செய்திருந்தால் இரண்டாவது வேலைக்குத் தனிப் பத்தி உண்டு, அதையும் கூட்ட வேண்டும். மணிக்கூலி வேண்டுமென்றால் ஏழு நாளும் உழைத்த மணி நேரமும் கோப்பில் இருக்கிறது. இங்கே ஒரு பொறி உண்டு. சம்பளம் போன மாதத்தினுடையது, மணி நேரம் இந்த வாரத்தினுடையது. கணக்கெடுப்பு வாரத்தில் பொங்கலோ கோட்டை மாரியம்மன் பண்டிகையோ வந்து மூன்று நாள் லீவு விழுந்தால், அந்த ஆளின் மணிக்கூலி காகிதத்தில் இரட்டிப்பாகிவிடும். வாரத்துக்கு 20 மணிக்குக் குறைவாக வேலை செய்த சம்பளக்காரர்களை ஒதுக்கிவிட்டு ஒரு முறை, சேர்த்து ஒரு முறை என்று இரண்டு முறை ஓட்டிப் பார்த்து, இரண்டையும் வெளியிடுவது நேர்மை.

நாள் கூலியா, வாரக் கூலியா என்பதும் சின்ன விஷயமில்லை. லீ பஜாரில் மூட்டை தூக்கும் இருவருக்கு ஆளுக்கு நாள் கூலி 700 ரூபாய் என்று வையுங்கள். ஒருவருக்கு ஆறு நாள் வேலை, மற்றவருக்கு மூன்று நாள். நாள் கூலியில் ஏற்றத்தாழ்வு பூஜ்யம். வார வருமானத்தில் 4,200க்கும் 2,100க்கும் இடையே இரண்டு மடங்கு. ‘கூலி ஏற்றத்தாழ்வு குறைந்தது’ என்று ஒருவரும் ‘கூடியது’ என்று இன்னொருவரும் அதே தரவை வைத்துச் சண்டை போடும்போது, சண்டை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கும்.

இனி கொலுசுக்கு வருவோம். கற்பனையாக ஒரு பட்டறை. ஐந்து பேர், நாள் வருமானம் 300, 400, 500, 600, 1,200 ரூபாய். 1,200 வாங்குபவர் பட்டறைக்காரர். இந்த ஐவருக்கு ஜினி கெழு 0.27. பட்டறைக்காரர் சம்பளக்காரர் அல்ல, சுயதொழில் என்று நீக்கிவிட்டால் நால்வருக்கு 0.14. ஐவரோடு, வீட்டில் உட்கார்ந்து சலங்கை மாட்டும் பட்டறைக்காரரின் மனைவியைப் பூஜ்ய வருமானத்தோடு சேர்த்தால் அறுவருக்கு 0.39. பட்டறை அதே பட்டறை, கூலி அதே கூலி. யார் உள்ளே, யார் வெளியே என்பது மட்டும் மாறியதில் எண் 0.14இலிருந்து 0.39க்குப் போகிறது. எந்த ஜினியைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. வெள்ளிக்கு டச் (சுத்தம்) எவ்வளவு என்று கேட்காமல் யாரும் விலை பேசுவதில்லை, ஜினிக்கு மட்டும் ஏன் கேட்பதில்லையோ தெரியவில்லை.

அந்த மனைவி கோப்பில் எங்கே இருப்பார்? குறியீடு 21: குடும்பத் தொழிலில் உதவுபவர், கூலி இல்லை. கணவர் கூலிக்கு ஆள் வைக்காமல் தன் சொந்தக் கணக்கில் தொழில் செய்தால் 11. ஆள் வைத்து நடத்தினால் 12. மாதச் சம்பளம் 31, தினக்கூலி 51, நூறு நாள் வேலை 42. கொலுசு வேலையில் பெரும் பங்கு, வெள்ளியை வாங்கிவந்து வீட்டில் செய்து, முடித்துக் கொடுத்துக் கூலி வாங்குவது. வியாபாரியின் வெள்ளி, வியாபாரியின் மாடல், எடைக்கு இவ்வளவு என்ற கூலி. ஊர்க்கண்ணுக்கு இவர் கூலிக்காரர். ஆனால் பொருளை வீட்டுக்கு வாங்கிவந்து செய்துகொடுப்பவரை, எப்போது எப்படிச் செய்வது என்பதைத் தானே தீர்மானிக்கிறார் என்ற காரணத்தால், தேசியக் கணக்கெடுப்பு வரையறை சுயதொழில் பட்டியலில் வைக்கிறது. ஆக 31, 51 மட்டும் எடுத்து ‘கூலி ஏற்றத்தாழ்வு’ கணக்கிடும் எந்த ஆய்விலும் இந்தத் தெருவில் பாதிப் பேர் இல்லை. சரி, 11ஐயும் சேர்த்துவிடலாமே என்றால், அங்கே உழைப்பின் பலனும் முதலீட்டின் பலனும் கலந்து கிடக்கிறது. வீட்டோடு தறி வைத்திருப்பவரின் 30 நாள் வருமானத்தில் கை எவ்வளவு, தறி எவ்வளவு என்று பிரிக்கக் கோப்பில் வழி இல்லை.

தொழிலைத் தேடும்போதும் ஒரு சிக்கல். நடப்பு வார வேலைக்குத் தொழிற்குறியீடு இரண்டே இலக்கம். கொலுசு அங்கே 32, ‘இதர உற்பத்தி’. விளையாட்டுச் சாமானும் பல்செட்டும் அதே கூடையில்தான். ஆண்டு முழுவதற்குமான முதன்மை வேலைக்கு ஐந்து இலக்கம் இருக்கிறது. அங்கே 3211 என்று தொடங்குபவை நகைத்தொழில். சேகோவுக்கு 1062, நெசவுக்கு 1312, காப்பி உள்ளிட்ட பானப்பயிர்களுக்கு 0127. வருமானமோ நடப்பு வார வேலையோடு சேர்ந்தது. ஆகவே முதன்மை வேலையும் நடப்பு வார வேலையும் ஒன்றாக இருப்பவர்களை மட்டும் எடுத்தால்தான் ‘நகைத்தொழில் வருமானம்’ என்று சொல்ல முடியும். இந்த வடிகட்டலில் ஆள் குறையும், பருவத்தொழிலில் இன்னும் குறையும். மரவள்ளிக் கிழங்கு வரத்து இல்லாத மாதத்தில் சேகோ ஆலைத் தொழிலாளி வேறு வேலையில் இருப்பார். ஆண்டு முழுக்க அவர் 1062, கணக்கெடுத்த வாரத்தில் கட்டடவேலை. முள் ஆடுவதாகச் சொன்னது இதைத்தான்.

ஏற்காட்டில் வேறு வகை. தோட்டத்துப் பேரேட்டில் நிரந்தரமாக இருப்பவர் நாள் கணக்கில் கூலி வாங்கினாலும் 31தான். பழம் பறிக்கும் பருவத்துக்கு மட்டும் வருபவர் 51. அராபிகா பறிப்பு நவம்பரில் சூடு பிடித்துத் தை வரை ஓடும். அக்டோபர்-டிசம்பர் காலாண்டில் வந்து கேட்டால் ஒரு கூலி, ஏப்ரல்-ஜூனில் கேட்டால் வேறு கூலி. எந்தக் காலாண்டில் எடுத்தது என்ற பத்தியைப் பார்க்காமல் மலைக்கூலியைப் பேசக் கூடாது.

எடை விஷயம். 2025க்கு முந்தைய கோப்புகளில் ‘மல்ட்’ என்ற பத்தி ஒவ்வொருவரும் எத்தனை பேருக்குப் பிரதிநிதி என்பதைச் சொல்கிறது. என்.எஸ்.எஸ்., என்.எஸ்.சி. என்ற பத்திகள் இரண்டும் சமமாக இருந்தால் மல்ட்டை 100ஆல் வகுக்க வேண்டும், இல்லையென்றால் 200ஆல். நான்கு காலாண்டையும் சேர்த்தால் மீண்டும் 4ஆல். ஜினிக்கும் விகிதங்களுக்கும் இந்த 4 தேவையில்லை, எல்லோருக்கும் ஒரே வகுத்தல் என்பதால் அடிபட்டுப்போகும். 100-200 பிழை அப்படி அடிபடாது. சில ஊர்களுக்கு இரட்டை எடை விழுந்து எண் கோணலாகும், கோணலானது தெரியவும் தெரியாது. இன்னொன்று: இந்தப் பழைய கோப்புகளில் நகர வீடுகளை மட்டும் நான்கு முறை பார்த்தார்கள். ஆண்டுக் கணக்குக்கு முதல் வருகைக் கோப்பு மட்டும் போதும். மறுவருகைக் கோப்பையும் ஒட்டிவிட்டால் சேலம் நகரத்து அம்மாப்பேட்டை வீடு நான்கு முறை எண்ணப்படும், வாழப்பாடிப் பக்கத்துக் கிராம வீடு ஒரு முறை.

இவ்வளவு குறை சொன்ன பிறகு, இந்தச் சரக்கு எதைக் காட்டுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அகில இந்திய அளவில் மாதச் சம்பளக்காரரின் சராசரி ஜூலை-செப்டம்பர் 2017இல் 16,538 ரூபாய், ஏப்ரல்-ஜூன் 2024இல் 21,103. அரசுப் பணிகள் நீங்கலான தினக்கூலி 294இலிருந்து 433. முதலாவது 28 சதவீதம் ஏறியிருக்கிறது, இரண்டாவது 47. இதே காலத்தில் நுகர்வோர் விலை சுமார் 40 சதவீதம் ஏறியது. கூட்டிக் கழித்தால், தினக்கூலியின் வாங்கும் சக்தி கொஞ்சம் கூடியிருக்கிறது. மாதச் சம்பளத்தின் வாங்கும் சக்தி சராசரியில் இறங்கியிருக்கிறது. இரு வகைக்கும் இடைவெளி சுருங்கியது உண்மை. ஆனால் கீழே இருப்பவர் ஏறியதைவிட மேலே இருப்பவர் இறங்கியதால் சுருங்கிய பங்குதான் அதிகம். ‘ஏற்றத்தாழ்வு குறைந்தது’ என்ற தலைப்பு இதைச் சொல்லாது.

மாதச் சம்பளக்காரர் ஏன் இறங்கினார் என்றால், அவசரப்பட்டு எல்லோர் சம்பளமும் குறைந்தது என்று சொல்லிவிடக் கூடாது. சராசரி இரண்டு வழியில் இறங்கும்: இருப்பவரின் சம்பளம் விலைவாசிக்கு ஈடாக ஏறாமல் போவது, குறைந்த சம்பளத்தில் புதியவர்கள் அந்த வகைக்குள் வருவது. ‘வழக்கமான சம்பளம்’ என்ற பெயரைப் பார்த்து உருக்காலை அலுவலர் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டுவேலை செய்பவரும் ஜவுளிக்கடைப் பெண்ணும் அதே 31தான். 2017-18இல் விவசாயம் அல்லாத துறைகளின் வழக்கமான சம்பளக்காரர்களில் 71.1 சதவீதம் பேருக்கு எழுத்து ஒப்பந்தம் கிடையாது, 54.2 சதவீதம் பேருக்குச் சம்பளத்துடன் லீவு கிடையாது, 49.6 சதவீதம் பேருக்கு எந்தச் சமூகப் பாதுகாப்பும் கிடையாது. ஒப்பந்தம், லீவு, பி.எஃப். ஆகிய மூன்று கேள்விகளும் கோப்பில் தனித்தனிப் பத்தியாக இருக்கின்றன. 31ஐ இந்த மூன்றையும் வைத்து இரண்டாகப் பிளந்து பார்ப்பதுதான் இந்தத் தரவை வைத்துச் செய்யக்கூடிய மிக உருப்படியான வேலை.

காரணம் தேடும் கணக்குக்கும் இது தாங்குகிறது. கூலியின் மடக்கையை (லாக்) இடப்பக்கம் வைத்து, படித்த ஆண்டு, அனுபவம், பாலினம், ஊர், தொழில் என்று வலப்பக்கம் அடுக்கும் மின்சர் சமன்பாடு எல்லோருக்கும் தெரிந்ததுதான். படித்த ஆண்டுகளின் எண்ணிக்கை நேரடியாகவே கேட்கப்பட்டிருப்பதால், ‘பத்தாவது’ என்பதை நாமாக ஆண்டாக மாற்றும் தொல்லை இல்லை. மடக்கை என்பதால் வரும் இரண்டு தவறுகள் சலிக்காமல் கண்ணில் படுகின்றன. ஒன்று, ஒரு காரணிக்குச் சமன்பாடு தரும் எண்ணான கெழு 0.40 என்றால் 40 சதவீத வித்தியாசம் என்று எழுதுவது. அது 49 சதவீதம். இரண்டு, பூஜ்யத்துக்கு மடக்கை கிடையாது என்பதால் 21காரர்கள் அத்தனை பேரும் ஓசையில்லாமல் உதிர்ந்துபோவது.

ஆண்-பெண் இடைவெளிக்கு 1973இல் ரொனால்ட் வஹாக்கா, ஆலன் பிளைண்டர் இருவரும் தனித்தனியாகக் கொடுத்த பிரிப்பு முறைதான் இன்றும் ஓடுகிறது. படிப்பு, அனுபவம் போன்றவற்றால் விளங்கும் பங்கு ஒன்று, விளங்காத பங்கு ஒன்று. நாட்டளவில் இந்த இடைவெளி 1993-94இல் 48 சதவீதமாக இருந்து 2011-12இல் 34 சதவீதமாகக் குறைந்ததாக சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2018 இந்தியக் கூலி அறிக்கை சொல்கிறது. அடிப்படை பழைய கணக்கெடுப்புகள். இங்கே கவனிக்க வேண்டியது, வலப்பக்கத்தில் தொழில்வகையைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது. பட்டறையில் பற்றவைப்பது ஆண், வீட்டில் முத்துக் கோப்பது பெண். தொழில்வகையைச் சேர்த்தால் ‘ஒரே வேலைக்கு வித்தியாசம் கொஞ்சம்தான்’ என்று வரும். பற்றவைக்கும் வேலை பெண்ணுக்கு ஏன் போவதில்லை என்ற கேள்வி விளங்கிய பங்குக்குள் ஒளிந்துகொள்ளும். சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு பட்டியல் போடாத ஆய்வுக்கு மதிப்பெண்ணைக் குறைத்துவிடலாம்.

மேல்தட்டு இந்தத் தரவின் பலவீனம். பெரும் சம்பளக்காரர் மாதிரியில் விழுவதே அரிது, விழுந்தாலும் கதவைத் திறப்பது அரிது. மேலே சொன்ன பட்டறையில் 1,200ஐ நீக்கியதும் ஜினி பாதியானதை நினைத்துக்கொண்டால் போதும். அதனால் மேலே 10 சதவீத எல்லைக்கும் கீழே 10 சதவீத எல்லைக்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்பது மேல். உச்சாணியில் யார் விடுபட்டாலும் அது அவ்வளவாக அசையாது. அதற்கும் ஒரு நோய் உண்டு: எல்லோரும் 10,000, 12,000, 15,000 என்று முழு எண்ணாகச் சொல்வதால் எல்லை ஓர் ஆண்டு அசையாமல் நின்று, மறு ஆண்டு சட்டென்று தாவும்.

சேலத்துக்கு மட்டும் எண் வேண்டும் என்று வாங்குபவர்கள் ஏமாறுவார்கள். 4.18 லட்சம் பேரை நாட்டின் 780க்கு மேற்பட்ட மாவட்டங்களுக்குப் பங்கிட்டால் மாவட்டத்துக்குச் சராசரி 500 சொச்சம், குழந்தைகள் உட்பட. அதில் சம்பாதிப்பவர், அதில் நகைத்தொழில் என்று போனால் விரல் விட்டு எண்ணலாம். பழைய வடிவத்தில் கிராமப்புற மாதிரிக்கு அடிப்படை மாவட்டம் அல்ல, பல மாவட்டங்கள் சேர்ந்த வட்டாரம். 2025 ஜனவரியிலிருந்து மாவட்டமே அடிப்படை. ஊர்த்தொகுதிகள் 12,800இலிருந்து 22,692ஆக, தொகுதிக்கு வீடுகள் 8இலிருந்து 12ஆக உயர்ந்திருக்கின்றன. கிராம வீடுகளுக்கும் மறுவருகை வந்துவிட்டது. நல்ல மேம்பாடு. ஆனால் பழைய தொடரையும் புதியதையும் ஒரே கோட்டில் இணைத்து வரைபடம் போட்டால், கூலி மாறியதா, மாதிரி மாறியதா என்று பிரிக்க முடியாது.

விலைவாசியைக் கழிக்க ஒரு வசதி: தொழிற்சாலைத் தொழிலாளர் விலைக் குறியீட்டுக்கு (அடிப்படை 2016) விலை எடுக்கும் 88 மையங்களில் சேலமும் ஒன்று. காலப்போக்கில் நகரக் கூலியை ஒப்பிட அதை எடுக்கலாம். ஏற்காட்டுக்கு அதை வைக்க வேண்டாம்.

மாற்றுச் சரக்குகள் பற்றிச் சுருக்கமாக. ஆலைகளின் ஆண்டுக் கணக்கெடுப்பான ஏ.எஸ்.ஐ., நேரடித் தொழிலாளரையும் ஒப்பந்தத் தொழிலாளரையும் பிரித்துக் காட்டும். மின்சாரத்தோடு 10 பேர், இல்லாமல் 20 பேர் என்ற வரம்புக்கு மேல் மட்டும். பெரிய சேகோ ஆலைக்குச் சரி, பட்டறைக்கு உதவாது. ஓர் ஆலைக்குள் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசமும் அதில் தெரியாது. தொழிலாளர் பணியகத்தின் கிராமப்புறக் கூலி விவரம் மாதிரிக் கிராமங்களிலிருந்து வேலை வகைவாரியாக மாதாமாதம் வருகிறது. ஊர்ப்போக்குப் பார்க்க நல்லது. ஆனால் அது வேலைக்கு நிலவும் கூலி, ஆள் கையில் வாங்கிய கூலி அல்ல. பி.எஃப். சந்தாதாரர் எண்ணிக்கையை வைத்து ஏற்றத்தாழ்வு பேசுபவர்களை விட்டுவிடுவோம்.

கொலுசுக்கு ஒரு மருந்து இந்தக் கோப்புக்குள்ளேயே இருக்கிறது, அதிகம் பேர் எடுப்பதில்லை. 21 என்று பதிவானவருக்குக் கூலி இல்லையே தவிர, உழைத்த மணி நேரம் இருக்கிறது. குடும்ப எண் ஒன்றாக உள்ள 11, 21 எல்லோரையும் சேர்த்து, குடும்பத்தின் 30 நாள் வருமானத்தை எல்லோருடைய மணி நேரத்தாலும் வகுக்க வேண்டும். ஒரு கணக்குக்கு: 30 நாள் வருமானம் 24,000 ரூபாய். வாரத்துக்குக் கணவர் 54 மணி, மனைவி 30, மாமியார் 16. கணவரை மட்டும் வைத்தால் 54ஐ 30/7ஆல் பெருக்கி 231 மணி, மணிக்கு 104 ரூபாய். மூவரையும் சேர்த்தால் 100 மணி வாரத்துக்கு, 30 நாளுக்கு 429 மணி, மணிக்கு 56 ரூபாய். வெளியாகும் பட்டியலில் இந்த வீட்டுக்கு 24,000 என்று ஒரு வரியும், வருமானப் பத்தி பூஜ்யமாக இரண்டு வரிகளும் இருக்கும்.